தண்ணீருக்கு அடங்காத தீ



தீப்பிடித்த இடத்துக்குத் தண்ணீர் கொண்டு ஓடுவது மனித இயல்பு. தென்காசி வட்டாரத்தில் வாழும் நமக்கோ அது பிறவிக் குணம் என்றே சொல்லிவிடலாம். சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்து அருவிகள் ஆர்ப்பரிக்கின்றன. மேக்கரை மலையடியில் அடவிநயினார் அணை நிறைகிறது. அனுமன் நதி எங்கள் வடகரை வயல்களுக்கு உயிரூட்டுகிறது. வைக்கோற்போர் எரிந்தாலும் ஓலைக் கூரை எரிந்தாலும், குடமும் வாளியுமாக ஊரே திரண்டு வருவதை நாம் கண்டிருக்கிறோம். தீயும் நீரும் தீராப் பகை என்பது நாம் எழுத்தறியும் முன்பே கற்றுக்கொண்ட பாடம்.

அந்தப் பாடம் பொய்த்துப் போகும் இடமும் உண்டு. தண்ணீரைக் கண்டால் அடங்காமல் பொங்கி எழும் தீ ஒன்று இருக்கிறது. சோடியம், பொட்டாசியம், மக்னீசியம் முதலிய உலோகங்களில் பற்றும் தீயே அது. அந்தத் தீயின் முன்னே மனிதன் என்ன செய்தான், எவ்வளவு விலை கொடுத்து எதைக் கற்றான் என்னும் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரு நூற்றாண்டுக்கும் சற்று மேற்பட்ட இந்த வரலாறு லண்டனில் தொடங்கி, நம் தமிழ்நாட்டுக் கல்பாக்கம் வரையிலும் சிவகாசி வரையிலும் வந்து சேர்கிறது.

1807-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். லண்டன் நகரத்து ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்னும் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில், ஹம்ப்ரி டேவி என்ற இருபத்தெட்டு வயது விஞ்ஞானி, பொட்டாஷ் எனப்படும் காரப் பொருளினூடே மின்சாரத்தைச் செலுத்திப் பார்த்தார். பாதரசத் துளிகளைப் போன்ற பளபளப்பான மணிகள் சில தோன்றின. அவற்றுட் சில தோன்றிய மாத்திரத்திலேயே தீப்பற்றி வெடித்தன. அன்று பிறந்த உலோகமே பொட்டாசியம். சில நாட்களுக்குள் காஸ்டிக் சோடாவிலிருந்து சோடியத்தையும் அவர் பிரித்தெடுத்தார். பொட்டாசியத்தைத் தண்ணீரில் இட்டபோது அது மிதந்து ஓடியது. ஊதா நிறச் சுடருடன் எரிந்தது. தண்ணீரின் மேல் எரியும் உலோகத்தை அதற்கு முன் கண்டவர் யார்?

இந்த விந்தையின் காரணத்தை அறிவது கடினமன்று. தண்ணீர் என்பது ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கூட்டுப் பொருள். சோடியம் அந்தக் கூட்டைப் பிளக்கிறது. காஸ்டிக் சோடா உண்டாகிறது. ஹைட்ரஜன் வாயு விடுபடுகிறது. மிகுந்த வெப்பமும் பிறக்கிறது. சோடியம் 98 டிகிரி அளவிலேயே உருகிவிடும் உலோகம். ஆகவே தன் வெப்பத்தில் தானே உருகி, மணியாகத் திரண்டு, நீரின்மேல் அங்குமிங்கும் ஓடுகிறது. விடுபட்ட ஹைட்ரஜனும் பற்றிக்கொள்கிறது. அணைப்பதற்காக ஊற்றிய நீரே எரிபொருளைத் தந்துவிடுகிறது என்றால், அந்தத் தீயை எப்படி அணைப்பது?

இவ்விந்தையை விளக்கி முடித்துவிட்டோம் என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால் 2015-ஆம் ஆண்டில், செக் நாட்டுப் பிராக் நகரத்து ஆராய்ச்சியாளரான பாவல் யுங்விர்த்தும் அவர் குழுவினரும், சோடியமும் பொட்டாசியமும் கலந்த கலவைத் துளி நீரில் விழுவதை அதிவேகப் படக்கருவியால் எடுத்துப் பார்த்தார்கள். நீரைத் தொட்ட கணத்திலேயே உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் நீருக்குள் பாய்கின்றன. எஞ்சிய நேர்மின் துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால், துளியிலிருந்து ஊசிகளைப் போன்ற முனைகள் சீறிப் புறப்படுகின்றன. கண் இமைப்பதற்குள் புதுப்புது உலோகப் பரப்பு நீரைச் சந்திக்கிறது. இதனால்தான் அந்த வெடிப்பு அவ்வளவு விரைவாக நிகழ்கிறது. டேவி கண்டதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்தும் இதில் அறிய வேண்டியது மிச்சமிருந்தது.

டேவி தாம் கண்ட உலோகத்தை நாப்தா என்னும் எண்ணெயில் அமிழ்த்திக் காப்பாற்றினார். பள்ளி ஆய்வுக்கூடத்து அலமாரியில் மண்ணெண்ணெய்க்குள் சோடியத் துண்டுகள் கிடப்பதைக் காண்கிறீர்களே, அது டேவி காட்டிய வழியைத் தழுவியதே. நான் முப்பத்தைந்து ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன். பட்டாணி அளவுச் சோடியத்தை இடுக்கியால் எடுத்து நீரில் இடும் நாளன்று வகுப்பில் ஒரு தலைகூடத் திரும்பியதில்லை. ஆனால் அந்த வேடிக்கை முடிந்ததும், "ஐயா, இது பெரிய துண்டாக இருந்து, கட்டடமே பற்றிக்கொண்டால் எதைக் கொண்டு அணைப்பது?" என்று ஒரு மாணவனாவது கேட்பான். என் ஆசிரிய வாழ்வில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி தந்த கேள்விகளுள் அது ஒன்று. அந்தக் கேள்வியை உரிய காலத்தில் கேளாதவர்கள் பட்ட துன்பத்தைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

1955-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், பிரான்ஸ் நாட்டு லெ மான் நகரில் புகழ்பெற்ற மோட்டார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. பியர் லெவே என்பவர் ஓட்டிய மெர்ஸிடிஸ் கார் மற்றொரு காரின்மேல் மோதி எழும்பி, பார்வையாளர் கூட்டத்துக்குள் சிதறியது. எண்பதுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் மாண்டனர், லெவேயும் மாண்டார். அந்தக் காரின் உடற்பகுதி, எடை குறைவாக இருக்கும்பொருட்டு மக்னீசியக் கலப்பு உலோகத்தால் செய்யப்பட்டிருந்தது. அது வெண்ணிறமாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. மீட்பாளர்கள் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். தீ அடங்குவதற்குப் பதிலாகப் பொங்கியது. பல மணி நேரம் அது எரிந்துகொண்டே இருந்தது. அந்த மீட்பாளர்களிடம் துணிவுக்குக் குறைவில்லை. கடமை உணர்ச்சிக்கும் குறைவில்லை. எரிவது எது என்ற ஒரு செய்திதான் அவர்கள் கையில் இல்லை.

மக்னீசியம் மிகுந்த வெப்பத்தில் எரியும்போது தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெளிப்படுத்துகிறது. நாம் சாதாரணமாகத் தீயை அணைக்கப் பயன்படுத்தும் கரியமில வாயுவைக்கூட அது விட்டுவைப்பதில்லை; அதிலுள்ள ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டு மேலும் எரிகிறது. இரண்டாம் உலக மகாயுத்தத்தில் இந்தக் குணத்தையே ஆயுதமாக்கினார்கள். மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆன சிறு தீக்குண்டுகள் நகரங்களின்மேல் ஆயிரக்கணக்கில் வீசப்பட்டன. வீட்டுக்கு வீடு மணல் வாளி வைக்கும் வழக்கம் அப்போது பரவியது. அலுவலகங்களிலும் பெட்ரோல் நிலையங்களிலும் இன்று நாம் காணும் சிவப்பு மணல் வாளி, அந்த நாட்களையும் நமக்கு நினைவூட்ட வேண்டும்.

மற்றொரு நிகழ்ச்சியில் அவசரம் எதுவும் இருக்கவில்லை. அசட்டை மட்டுமே இருந்தது. ஸ்காட்லாந்தின் வடகோடிக் கடற்கரையில் டவுன்ரே என்னும் அணுசக்தி நிலையம் இருந்தது. அங்கே 65 மீட்டர் ஆழமுள்ள பழைய சுரங்கக் கிணறு ஒன்றில் கழிவுப் பொருள்களைப் போட்டு வந்தார்கள். அந்தக் கிணற்றில் நீர் நிறைந்திருந்தது. கழிவோடு கழிவாகச் சோடியமும் பொட்டாசியமும் அதற்குள் போடப்பட்டன. 1977-ஆம் ஆண்டு மே 10-ஆம் நாள் கிணறு வெடித்தது. அதன் கனத்த மூடி தூக்கி எறியப்பட்டது. உலகின் சிறந்த நிபுணர்கள் பணியாற்றிய இடத்திலேயே இப்படி நிகழ்ந்தது. ஆய்வுக்கூடத்தில் அறிந்திருந்த உண்மையைக் குப்பை கொட்டும் இடத்தில் மறந்துவிட்டார்கள் என்பதைத் தவிர வேறென்ன சொல்வது?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே, வங்கக் கடலோரம் அமைந்த கல்பாக்கத்தில் 1971-ஆம் ஆண்டு அணு உலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. இன்று அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் விளங்குகிறது. அங்குள்ள வேக ஈனுலைச் சோதனை நிலையம் 1985-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. அந்த உலையின் வெப்பத்தை ஏந்திச் செல்வது தண்ணீரன்று, உருகிய சோடியம்!

கடலோரத்தில், நீராவி உண்டாக்கும் நிலையத்தில், நீருக்குப் பரம விரோதியான உலோகத்தையா வைப்பது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. சோடியம் வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும். நியூட்ரான்களின் வேகத்தைத் தண்ணீரைப் போல் தணித்துவிடாது. 883 டிகிரி வரை கொதிக்காது. ஆதலால் உயர்ந்த அழுத்தத்தில் அடைத்து வைக்க வேண்டியதில்லை. இவ்வளவு நன்மைகளுக்கும் ஈடாக அது கேட்கும் விலை ஒன்றே: காற்றும் நீரும் தன்னைத் தீண்டலாகாது என்பதுதான். ஆனால் மின்சாரம் எடுக்க நீராவி வேண்டுமே! நீராவிக் கலத்தில் ஒரு மெல்லிய எஃகுக் குழாய்ச் சுவருக்கு இந்தப் பக்கம் சோடியம், அந்தப் பக்கம் தண்ணீர். இவ்விரண்டையும் அந்தச் சுவர் ஒன்றே பிரித்து வைக்கிறது.

அந்தச் சுவரில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் என்னாவது? நீராவி பீறிட்டுச் சோடியத்தில் கலக்கும். காஸ்டிக் சோடா பக்கத்துக் குழாய்களையும் அரித்துத் தின்னும். சிறு ஓட்டை பெரிதாகும். சோவியத் நாட்டின் ஷெவ்சென்கோ நிலையத்தில் 1973-ஆம் ஆண்டில் இத்தகைய பெருங் கசிவு நேர்ந்தது. ஆகவே இந்த நிலையங்களில் அபாயம் வந்த பிறகு ஓடி வரும் உதவியை நம்பியிருப்பதில்லை. சோடியத்தில் ஹைட்ரஜன் மிகச் சிறிய அளவில் கலந்தாலும் காட்டிக்கொடுக்கும் கருவிகள் இடைவிடாமல் காவல் புரிகின்றன. ஹைட்ரஜன் கூடினால் தண்ணீர் தடுக்கப்படுகிறது. அழுத்தம் மீறினால் தானே கிழிந்து வழிவிடும் தகடுகள் இருக்கின்றன. தீயணைப்பின் முதற் பகுதி, தீ பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது!

சோடியம் வெளியே சிந்தினாலோ அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. குழாய்களின் கீழே கசிவை ஏந்தும் தட்டங்களை வைக்கிறார்கள். சிந்திய சோடியம் சரிந்து வழிந்து, அடியிலுள்ள மூடிய தொட்டிக்குள் சேர்கிறது. அங்கே காற்று அரிதாதலால், தீ தன் உணவின்றித் தானே மடிகிறது. தரையைச் சிமெண்டுக் காங்கிரீட்டாக வெறுமனே விடுவதும் தகாது. உலர்ந்து கல்லாகத் தோன்றும் காங்கிரீட்டுக்குள்ளேயும் தண்ணீர் மறைந்திருக்கிறது என்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்? கொதிக்கும் சோடியம் அதன்மேல் விழுந்தால் அந்த நீர் வெளிப்பட்டு ஹைட்ரஜனாக மாறும். இதைத் தடுக்கவே எஃகுத் தகடு பரப்புகிறார்கள்.

2002-ஆம் ஆண்டில் கல்பாக்கத்து உலையில் இந்த முன்னேற்பாடுகளுக்குச் சோதனை வந்தது. சோடியத்தைத் தூய்மை செய்யும் அறையில் ஒரு வால்வின் உடற்பகுதியில் இருந்த குறையால், ஏறத்தாழ 75 கிலோ சோடியம் கசிந்தது. அது உலையினூடே சென்று வரும் முதற்சுற்றுச் சோடியம். ஆதலால் கதிரியக்கமும் உடையது. சிந்திய சோடியத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளும் எளிய வழி அங்கே இல்லை. அணுக வேண்டிய காலம், அணுக வேண்டிய முறை, அகற்ற வேண்டிய கருவி எல்லாவற்றையும் எண்ணிச் செய்ய வேண்டியிருந்தது. சிந்தியது அகற்றப்பட்டது, குறை காணப்பட்டது, உலை மீண்டும் இயங்கியது. 2022-ஆம் ஆண்டில் அது தன் முழு ஆற்றலாகிய 40 மெகாவாட் வெப்ப அளவை எட்டியது.

இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்கது ஜப்பானிய நிகழ்ச்சி. 1995-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள், மொஞ்சு என்னும் உலையில், வெப்பமானியைத் தாங்கிய உறை ஒன்று ஒடிந்து, ஏறத்தாழ 640 கிலோ சோடியம் கொட்டி எரிந்தது. உயிர்ச்சேதம் எதுவும் நேரவில்லை. ஆனால் விபத்திடத்தில் எடுத்த படச்சுருளின் ஒரு பகுதியை நிர்வாகத்தினர் மறைத்துவிட்டார்கள் என்பது பின்னர் வெளியாயிற்று. மக்களின் நம்பிக்கை குலைந்தது. 2010-ஆம் ஆண்டு வரை அந்த உலை மூடிக் கிடந்தது. 2016-ஆம் ஆண்டில் அதை அறவே கைவிட முடிவு செய்தார்கள். சோடியத் தீயை அடக்கிவிட்டார்கள்; பொய்யினால் மூண்ட தீயை அடக்க இயலவில்லை. விபத்தில் ஆற்ற வேண்டிய கடமைகளுள் உண்மை உரைத்தலும் ஒன்று என்பதற்கு இதைக் காட்டிலும் சான்று வேண்டுமோ?

கல்பாக்கம் தொலைவில் இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். சிவகாசி தொலைவில் இல்லை. காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை நீங்கள் அறிந்ததே. அதன் வழியே வளர்ந்த பட்டாசுத் தொழிலில் வெண்ணிற ஒளி தருவது அலுமினியப் பொடி. பாத்திரமாக இருக்கும் அலுமினியம் பரம சாது. மாவாகப் பொடித்த அலுமினியமோ வேறு பிறவி. நைட்ரேட்டு உப்போடு கலந்த அந்தப் பொடியில் ஈரம் பட்டால், உள்ளுக்குள்ளே மெல்ல மெல்லச் சூடு ஏறுகிறது. கலந்த மருந்தை இரவு முழுவதும் வைத்திருந்தால், யாரும் தீக்குச்சி கிழிக்காமலே மறுநாட் காலையில் அது தீப்பற்றிவிடலாம். அன்றன்று கலந்ததை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்னும் விதிக்கு இதுவே காரணம். விதியைக் காகிதத்தில் எழுதி ஒட்டினால் போதாது. காரணத்தை உழைப்பவரின் மனத்தில் எழுத வேண்டும். ஈரமான காலையில் மருந்தறைக் கதவைத் திறப்பவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களின் தாய்மார்களும் தந்தைமார்களும் அல்லரோ?

இனி, நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்காசி, செங்கோட்டை வழியாகக் கேரளம் செல்லும் நெடுஞ்சாலையில் நாள்தோறும் லாரிகள் செல்கின்றன. அபாயகரமான ரசாயனம் ஏற்றிய வண்டியில் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும் என்பது சட்டம். நீல நிறச் சாய்சதுரத்தின் நடுவே தீச்சுடர் வரைந்து, கீழே 4 என்று இட்டிருந்தால், அந்தச் சரக்கு தண்ணீர் பட்டால் ஆபத்தானது என்று பொருள். அதே பலகையில் நடவடிக்கைக் குறியீட்டின் முதல் எண்ணும் 4 ஆனால், உலர்ந்த பொருளையே பயன்படுத்த வேண்டும். சோடியத்துக்கு உலக நாடுகள் வழங்கியிருக்கும் எண் 1428. இத்தகைய வண்டி கவிழ்ந்து கிடந்தால், அருகே செல்லாதீர்கள். காற்று வரும் திசையில் விலகி நில்லுங்கள். 101 அல்லது 112 என்ற எண்ணுக்குச் செய்தி சொல்லும்போது பலகையில் கண்ட எண்ணையும் படித்துச் சொல்லுங்கள். அந்த நான்கு இலக்கங்கள் தீயணைப்பு வீரர் ஒருவரின் உயிரைக் காக்கக் கூடும்.

ஆய்வுக்கூடத்தில் சிறு சோடியத் துண்டு பற்றிக்கொண்டால் உலர்ந்த மணலைக் கொண்டு மூடுங்கள். பெரிய தீக்கு, உப்பை அடிப்படையாகக் கொண்ட தனி வகைத் தூள்கள் இருக்கின்றன. அவற்றைப் பயிற்சி பெற்றவரே கையாள வேண்டும். சோடியத் துணுக்கு தோலில் பட்டால், முதலில் இடுக்கியால் அதை அறவே அகற்றிவிட்டு, அதன்பின்தான் ஏராளமான நீரால் கழுவ வேண்டும். உடனே மருத்துவரிடம் காட்டவும் வேண்டும். பட்டாசு மருந்தில் தீப்பற்றினாலோ, அணைக்க முயலாமல் விலகி ஓடுவதே விவேகம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். நம் பகுதியில் சாரல் வீசும் மாதங்களில் தாழ்வாரத்தில் தொங்கும் வாளி மணல் ஈரமாகிவிடுகிறது. ஈர மணலைச் சோடியத் தீயில் கொட்டுவது தண்ணீரைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். ஆய்வுக்கூடத்து மணலை மூடி போட்ட கலத்தில் வைத்து, மாதம் ஒரு முறையேனும் கைவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான் அது.

மாணவர்களே, இந்த வரலாறு நெடுகிலும் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். தீயிடம் தோற்றவர்கள் கோழைகள் அல்லர். உதவ வேண்டும் என்ற ஆவலோடு ஓடிவந்தவர்களே தீயை வளர்த்துவிட்டார்கள். இரக்கமும் வீரமும் உயர்ந்த குணங்கள். அவற்றுக்குக் கண்ணாக இருக்க வேண்டியது அறிவு. எந்த இடத்தில் தீயைக் கண்டாலும், வாளியைத் தூக்கும் முன்னே, "எரிவது எது?" என்று கேளுங்கள். விடை தெரிந்தவர் அங்கே இருந்தால் அவர் சொற்படி நடவுங்கள். ஒருவரும் இல்லையென்றால், மக்களை விலக்கி நிறுத்துவதே நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி. அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு வேண்டிய நேரம் ஒரு நொடிதான்.